கடல்வழி அடைபட்டபோது வார்டுகளைக் காத்தவர்கள்: காலனியத் தாதியர் சேவைக்கு ஒரு மதிப்புரை

பிரிட்டிஷ் பேரரசு தன் காலனிகளின் அரசு மருத்துவமனைகளுக்குத் தாதியரை அனுப்பிவைத்த ஏற்பாடு எழுபது ஆண்டுகள் நீடித்தது. 1896இல் லண்டனில் ஒரு தனியார் சங்கமாகத் தொடங்கி, 1940இல் அரசின் முறையான பணித்துறையாக உருப்பெற்று, 1966இல் முடிவுக்கு வந்த அந்தச் சேவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதில் இருந்த பெண்களின் துணிவைத்தான் பேசுகிறார்கள். அந்தத் துணிவில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஒரு சேவையை அதைப் பெற்றவர்களின் பக்கமிருந்து, அதாவது கட்டிலில் கிடந்த நோயாளியின் பக்கமிருந்து எடைபோடுவது வேறு வேலை. அதைத்தான் இந்த மதிப்புரையில் செய்ய முயல்கிறேன். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் சிங்கப்பூரும் மலாயாவும், காலம் இரண்டாம் உலகப் போர். அங்கே நோயாளியாகவும் ஊழியராகவும் தமிழர்கள் பெருந்தொகையினராக இருந்தார்கள் என்பது ஒரு காரணம். அந்தச் சேவையின் நிறையும் குறையும், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரியின் சில நாட்களில் மறைக்க முடியாதபடி வெளிப்பட்டன என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சேவை எப்படி அமைந்திருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொரிஷியஸ் தீவில் அரசின் சட்ட அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் பிகட் என்பவரின் மனைவி மேபல் பிகட், வெப்ப நாடுகளில் நோயுறும் ஆங்கிலேயருக்குப் பயிற்சி பெற்ற தாதியர் கிடைப்பதில்லை என்ற கவலையில் தொடங்கிய முயற்சி இது. காலனித்துறை அமைச்சராக இருந்த ஜோசப் சேம்பர்லெய்ன் இதற்கு ஆதரவு தந்தார். காலனியத் தாதியர் சங்கம் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு தாதியரைத் தேர்ந்தெடுக்கும். தாதியரை வேண்டிக் கேட்ட காலனி அரசு சம்பளத்தையும் கப்பல் கட்டணத்தையும் ஏற்கும். ஒப்பந்தம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு. இடையில் திருமணம் செய்துகொண்டால் பணியை விட்டு விலக வேண்டும். 1919இல் கடல்கடந்த தாதியர் சங்கம் என்று பெயர் மாறியபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. ஆங்கிலேயரின் நலனுக்காகத் தொடங்கிய ஒன்று, காலப்போக்கில் உள்ளூர் மக்கள் திரளும் அரசு மருத்துவமனைகளின் மேலாண்மையையே கையில் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களை நோக்கியே அதன் முகம் கடைசிவரை திரும்பியிருந்தது என்பது என் கணிப்பு.

அதன் தரத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் 1885 முதல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1900இல் அவர்களுடைய இடத்துக்கு இங்கிலாந்தில் பயின்ற மேட்ரனும் (தலைமைத் தாதி) சிஸ்டர்களும் (வார்டுப் பொறுப்புத் தாதியர்) வந்தார்கள். கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுப்பது, புண்ணைத் தொடும் முன் கைகளை முழங்கை வரை கழுவுவது, வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் மணிப்படி குறித்துவைப்பது, எழுந்திருக்க முடியாதவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் புண் வராமல் காப்பது ஆகிய ஒழுங்குகளை வார்டின் அன்றாடப் பழக்கமாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1924இல் கண்டாங் கெர்பாவ் பிரசவ மருத்துவமனையும் 1926இல் ஊட்ரம் வளாகத்தில் 800 படுக்கைகளுடன் புதிய பொது மருத்துவமனைக் கட்டடங்களும் திறக்கப்பட்டபோது, அவற்றைப் பயிற்சி பெற்ற கைகளைக் கொண்டு நடத்த முடிந்ததற்கு அந்தக் கால் நூற்றாண்டு அடித்தளம் உதவியது. பயிற்சியின் தரம் என்ற ஒரு கேள்வியோடு இந்த மதிப்பீட்டை நிறுத்திக்கொண்டால் சேவைக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும்.

கோளாறு அடுக்குமுறையில் இருந்தது. மேட்ரனும் சிஸ்டர்களும் ஐரோப்பியர். அவர்களுக்குக் கீழே யுரேசிய, சீன, இந்தியத் தாதியரும் பயிற்சிப் பெண்களும். இன்னும் கீழே டிரஸ்ஸர் என்று எல்லோரும் அழைத்த மருத்துவமனை உதவியாளர்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்களும் இவர்களில் பலர். அதற்கும் கீழே ஆயாக்கள், வார்டு ஆட்கள், துப்புரவுப் பணியாளர்கள். உள்ளூர்த் தாதி ஒருத்தி எத்தனை ஆண்டு உழைத்தாலும் வார்டின் பொறுப்பு அவள் கைக்கு வருவது அரிது. கப்பலிலிருந்து இறங்கிய இளம் சிஸ்டர் அவளுக்கு மேலதிகாரி ஆவார். ரப்பர் தோட்டங்களிலோ சிஸ்டர் என்ற பேச்சே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர்தான் எல்லாம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே யாருக்குக் காய்ச்சல் என்று பார்த்துக் கொய்னா என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பதும், காலில் ஆறாத புண்ணோடு வருகிறவருக்குக் கட்டுப் போடுவதும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்று முடிவு செய்வதும் அவர் வேலை. வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ வந்துபோகும் மருத்துவருக்கும் நூற்றுக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கும் நடுவே நின்றவர் இவரே. ஆனாலும் அந்த அடுக்கில் அவர் உதவியாளர்தான்.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் இந்த அமைப்பின் ஊற்றுக்கண் வற்றத் தொடங்கியது. பிரிட்டனுக்கே தாதியர் போதவில்லை. விமானத் தாக்குதலை எதிர்பார்த்து உள்நாட்டில் குடிமைத் தாதியர் சேமப்படை திரட்டப்பட்டது. இராணுவத் தாதியர் படை ஒருபுறம் ஆட்களை இழுத்துக்கொண்டது. காலனிகளின் வேண்டுகோள் வரிசையின் கடைசியில் நின்றது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியபின் மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாகிவிட, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. அந்தச் சுற்றுவழியும் பாதுகாப்பானதன்று. 1944 பிப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பல் மாலத்தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டபோது 77 பெண்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் இராணுவத் தாதியர் பலர். காலனியத் தாதியர் சேவை என்று அரசு 1940இல் அமைத்த புதிய கட்டமைப்பு காகிதத்தில் சீராக இருந்தது. ஆனால் ஒரு காலனியின் வார்டு இயங்குவதற்கு ஆயிரக்கணக்கான மைல் கடல் திறந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அது தொடவேயில்லை. இதுவே இந்தச் சேவையின் முதன்மையான குறை என்று கருதுகிறேன்.

இடைவெளியை நிரப்பக் கையாண்ட வழி துணைத் தாதியர். மலாயாவில் மருத்துவத் துணைச் சேவை என்ற அமைப்பில் ஐரோப்பியக் குடும்பப் பெண்களும் உள்ளூர் ஆசிரியைகளும் எழுத்தர்களும் சேர்ந்து முதலுதவியும் கட்டுப் போடுவதும் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் புகழ்பெற்ற பெண்மணியான எலிசபெத் சோய் அப்போது பள்ளி ஆசிரியை; அவரும் இதில் தொண்டாற்றினார். இதன் பயனை நான் மறுக்கவில்லை. குண்டு விழுந்த தெருவில் இரத்தத்தை நிறுத்தவும், காயமுற்றவரைத் தூக்குக்கட்டிலில் ஏற்றவும், பயந்து அலறுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளவும் சில மாதப் பயிற்சி போதும். ஆனால் வயிற்றில் அறுவை முடிந்து வந்தவரின் முகத்தைப் பார்த்தே உள்ளே இரத்தம் கசிகிறது என்று கண்டுகொள்வதற்குப் பல ஆண்டு இரவுப் பணி தேவை. துணைத் தாதியரைச் சேர்த்ததைக் குறை சொல்வதற்கில்லை. அதே காலத்தில் உள்ளூர்த் தாதியருக்குப் பொறுப்பை ஒப்படைத்துப் பழக்கியிருக்கலாமே, அதைச் செய்யாததைத்தான் குறை சொல்கிறேன்.

ஹாங்காங்கிலும் இதே முறை வேறு விதமாக விளைந்தது. 1940 ஜூலையில் அங்கிருந்த ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் அரசின் ஆணைப்படி மணிலா வழியாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தாதியராகப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. கணவரைப் பிரிய மனமில்லாத பல பெண்கள் துணைத் தாதியர் பட்டியலில் பெயர் கொடுத்துத் தங்கிவிட்டார்கள். ஊரை விட்டுப் போகாமலிருக்கச் சேர்ந்தவர்கள் என்று அப்போது அவர்களைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் 1941 டிசம்பரில் தாக்குதல் தொடங்கியபோது அவர்கள் வார்டில்தான் நின்றார்கள். டிசம்பர் 25 அன்று செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் இயங்கிய தற்காலிக மருத்துவமனைக்குள் ஜப்பானியப் படையினர் புகுந்து, கட்டிலில் கிடந்த காயமுற்றவர்களைக் கொன்றார்கள். தாதியரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கி அவர்களில் சிலரைக் கொலை செய்தார்கள். எந்த உள்நோக்கத்தோடு பெயர் கொடுத்திருந்தாலும் அவர்கள் செலுத்திய விலை அந்த முணுமுணுப்புக்கு இடம் வைக்கவில்லை.

அந்தச் செய்தி சிங்கப்பூருக்கு எட்டியிருந்தது. பிப்ரவரியில் தாதியரைக் கப்பலேற்றி அனுப்பும் முடிவில் அந்த அச்சமும் கலந்திருந்தது. அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எவரைப் பாதுகாக்க வேண்டும் என்ற கணக்கில் உள்ளூர்ப் பெண்கள் எங்கே வைக்கப்பட்டார்கள் என்பது பினாங்கிலேயே தெரிந்துவிட்டது. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டுமழை பொழிந்தது. சில நாட்களில் ஐரோப்பியர் மட்டும் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். விடிந்தபோது அந்த ஊரின் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் மிஞ்சியவர்கள் உள்ளூர் மருத்துவர்களும் தாதியரும் டிரஸ்ஸர்களும்தான். இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரே இரவில் ஏற்பதற்கு அவர்களை எவரும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை.

சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் கடைசி நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் காயமுற்ற குடிமக்களும் படைவீரர்களும் நூற்றுக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். நகரின் குடிநீர்க் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து தண்ணீர் ஓடி வீணாகிக்கொண்டிருந்தது. ஒரு வார்டில் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள். இடுக்கியையும் கத்தரியையும் கொதிக்க வைக்க முடியாது. ஒருவரின் புண்ணைத் தொட்ட கையோடு அடுத்தவரின் புண்ணைத் தொட வேண்டிவரும். இரத்தம் ஊறிய துணியைத் துவைத்து மீண்டும் கட்ட வழியிராது. காய்ச்சலில் தவிப்பவரின் வாயை நனைக்கவும் அளந்துதான் ஊற்ற வேண்டும். போருக்கு முன் அவசரத் தேவைக்கென்று மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி தோண்டப்பட்டிருந்தது. இறந்தவர்களைத் தனித்தனியே அடக்கம் செய்ய ஆளும் இடமும் நேரமும் இல்லாத நிலையில் அதுவே புதைகுழியாயிற்று. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் 107 பேர் காமன்வெல்த் படையினர், மற்றவர்கள் குடிமக்கள். போருக்குப் பின் எவர் எவரென்று பிரித்தறிய இயலாது என்பதால் அந்தக் குழி திறக்கப்படவில்லை. படையினரின் பெயர்கள் கிராஞ்சி கல்லறைத் தோட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வளாகத்திலேயே, குண்டடிபட்டு இறந்த தோழனை அடக்கம் செய்துகொண்டிருந்த மருத்துவ மாணவர்கள் மீதும் குண்டு விழுந்து பதினொரு பேர் மாண்டார்கள்.

வெளியேற ஆணையிடப்பட்ட தாதியரில் பலர் பிப்ரவரி 13 இரவு புறப்பட்ட 'குவாலா' என்ற சிறிய கப்பலில் இருந்தார்கள். மறுநாள் பொம்பொங் தீவருகே நங்கூரமிட்டிருந்த நிலையில் அது குண்டுவீச்சில் எரிந்து மூழ்கியது. கரையை நோக்கி நீந்தியவர்கள் மீதும் குண்டுகள் விழுந்தன. அதே நாளில் மூழ்கிய 'வைனர் புரூக்' கப்பலின் 65 ஆஸ்திரேலிய இராணுவத் தாதியரைப் பற்றி உலகம் நன்றாக அறியும்: 12 பேர் கடலில் இறந்தார்கள், 21 பேர் பங்கா தீவின் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், சிறைப்பட்டவர்களில் எண்மர் முகாமில் மடிந்தார்கள், 24 பேர் மட்டுமே நாடு திரும்பினார்கள். அவர்களுக்கு நினைவுச் சின்னங்களும் ஆண்டுதோறும் அஞ்சலியும் உண்டு, இருக்கவும் வேண்டும். குவாலாவில் இருந்த குடிமைத் தாதியருக்கு அந்த அளவு நினைவேந்தல் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. அவர்கள் இராணுவ உடை அணிந்தவர்கள் அல்லர். அரசு மருத்துவமனையில் கூலிக்காரனுக்கும் ரிக்‌ஷாக்காரனுக்கும் கட்டுப் போட்டவர்கள்.

சிங்கப்பூர் சரணடைந்த பிப்ரவரி 15க்குப் பிறகுதான் இந்த மதிப்பீட்டின் உண்மையான பகுதி தொடங்குகிறது. ஊட்ரம் மருத்துவமனையை ஜப்பானிய இராணுவம் தனக்கென எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்கு மிஞ்சியவை மத்திய மருத்துவமனையாக மாற்றப்பட்ட கண்டாங் கெர்பாவ் பிரசவ மருத்துவமனையும், மியாக்கோ மருத்துவமனை என்று பெயர் மாற்றப்பட்ட மனநல மருத்துவமனை வளாகமும் போன்ற ஒருசில இடங்களே. ஐரோப்பிய சிஸ்டர்களில் எஞ்சியவர்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கும், 1944இல் மாற்றப்பட்ட சைம் ரோடு முகாமிலும், மருந்தில்லாத சிறை மருத்துவமனையை அவர்கள் நடத்தியது மதிக்கத்தக்கது. வெளியே நகரத்தின் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களோ, நேற்றுவரை வார்டுப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்ட ஆசியத் தாதியரும் டிரஸ்ஸர்களும் ஆயாக்களும்தான். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான பெஞ்சமின் ஷீயர்ஸ் அக்காலத்தில் கண்டாங் கெர்பாவில் மகப்பேற்றுப் பிரிவின் தலைமையை ஏற்றார். ஐரோப்பியர் இருந்தவரை உள்ளூர் மருத்துவர் ஒருவருக்கு எளிதில் எட்டாத இடம் அது. மலேரியாவும் பெரிபெரியும் பெருகின, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று, தாதியரே அரைவயிற்றோடு வேலை செய்தார்கள். அப்படியும் பிரசவங்கள் பார்க்கப்பட்டன, புண்கள் கட்டப்பட்டன. மூன்றரை ஆண்டு இப்படி நடந்தது. இவர்களால் முடியாது என்று சொல்லப்பட்ட வேலை அது.

மியாக்கோ மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்திய எலிசபெத் சோயும் அவர் கணவரும் மருந்தும் பணமும் கடிதமும் சாங்கி சிறைக்குள் கடத்தினார்கள். 1943 அக்டோபர் 10க்குப் பின் நடந்த கைதுகளில் இருவரும் பிடிபட்டார்கள். எலிசபெத் ஏறத்தாழ இருநூறு நாட்கள் ஜப்பானிய இராணுவக் காவல்துறையின் வதைக்கு ஆளானார். பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கார்த்திகேசு, ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களின் குண்டுக் காயங்களுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார். பயிற்சி பெற்ற தாதியும் மருத்துவச்சியுமான அவர், மருத்துவரான தமிழர் ஒருவரின் மனைவி. பிடிபட்டு முதுகெலும்பு நொறுங்கும்வரை வதைபட்ட அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. காயங்களின் பின்விளைவால் 1948இல் இறந்தார். அந்தக் காலனிய அடுக்கில் இந்த இரு பெண்களுக்கும் உயர்ந்த இடம் இருந்ததில்லை.

மலாயாவின் குறை மலாயாவுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் போர்க்கால நெருக்கடி என்று விட்டுவிடலாம். இந்தியாவைப் பாருங்கள். 1943இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவரின் தலைமையில் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த மக்கள் நலவாழ்வுக் குழு, பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் இருந்த தாதியர் ஏறத்தாழ 7,000 பேர் என்று கண்டது. 43,000 மக்களுக்கு ஒரு தாதி. அதே வேளையில் பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர். சென்னை மாகாணம் 1926லேயே தாதியர் பதிவுச் சட்டம் இயற்றி மற்ற மாகாணங்களுக்கு முன்னே நின்றதுதான், ஆயினும் எண்ணிக்கை பெருகவில்லை. இருந்த சிறு தொகையிலிருந்தும் இராணுவ மருத்துவமனைகள் ஆட்களை எடுத்துக்கொண்டன. அங்கும் துணைத் தாதியர் சேவை ஒன்று அவசரமாகத் திரட்டப்பட்டது. 1971க்குள் 7,40,000 தாதியர் தேவை என்று குழு கணக்கிட்டது. இருந்ததற்கும் வேண்டியதற்கும் நூறு மடங்கு இடைவெளி. அதைப் போர் உண்டாக்கவில்லை. நூற்றாண்டுப் புறக்கணிப்பு உண்டாக்கியதைப் போர் எல்லோர் கண்ணிலும் படவைத்தது.

லண்டனும் இதை உணராமலில்லை. ரஷ்கிளிஃப் பிரபுவின் தலைமையில் காலனிகளுக்கான தாதியர் பயிற்சி பற்றி ஆராய்ந்த குழு 1945இல் அளித்த அறிக்கை, உள்ளூர்ப் பெண்களை முழுத் தகுதியுள்ள தாதியராகப் பயிற்றுவிப்பதே இனி வழி என்ற திசையைக் காட்டியது. சரியான பரிந்துரை, ஆனால் மிகத் தாமதமானது. 1926இல் ஊட்ரம் கட்டடங்களைத் திறந்தபோதே இந்த முடிவை எடுத்திருக்கலாம். போர் முடிந்ததும் ஐரோப்பிய சிஸ்டர்கள் திரும்பி வந்தார்கள். 1948இல் சேவைக்கு அப்போதைய அரசியான, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத்தின் பெயரும் சூட்டப்பட்டது. மூன்றரை ஆண்டு வார்டைத் தனியே நடத்தியவர்கள் மீண்டும் இரண்டாம் இடத்துக்குப் போனார்கள். சம ஊதியத்துக்கும் பதவிக்கும் அவர்கள் பின்னும் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது.

ஆகவே தனித்தனி சிஸ்டர்களின் திறமைக்கும் கடமையுணர்வுக்கும் முழு மதிப்பளிக்கிறேன். அவர்களை அனுப்பிய ஏற்பாட்டுக்கு அந்த மதிப்பை அளிக்க இயலவில்லை. சாங்கி சிறைவாசிகளின் பட்டியல்கள் இருக்கின்றன, கப்பலில் சென்றவர்களின் பட்டியல்களைத் தேடித் தொகுத்தவர்களும் உண்டு. கண்டாங் கெர்பாவிலும் மியாக்கோவிலும் தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலும் 1942 முதல் 1945 வரை பணியில் இருந்த தாதியர், டிரஸ்ஸர்கள், ஆயாக்களின் பெயர்களும் அதே கவனத்தோடு தொகுக்கப்பட வேண்டும். பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள குடும்பங்களில் பழைய சான்றிதழ்களும் சீருடையோடு எடுத்த படங்களும் பெட்டிக்குள் கிடக்கின்றன என்றால், அவற்றின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி, அருகிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படியெடுத்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.